பழைய காருக்கு எந்த டச் ஸ்கிரீன் வாங்கலாம்?

கேள்வி: என் காரில் எஃப்எம்மும் யுஎஸ்பியும் மட்டும் உள்ள பழைய செட்தான் இருக்கிறது. மாற்றலாம் என்று பார்த்தால், 8 ஜிபி ரேம் போட்ட 10 இன்ச் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவும் பெரிய பிராண்டின் 7 இன்ச் ஸ்கிரீனும் கிட்டத்தட்ட ஒரே விலையில் வருகின்றன. மேப், பாட்டு, ரிவர்ஸ் கேமரா போதும். எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் தேவைக்கு 7 இன்ச்சே போதும். அதில் போனில் ஓடுவதை ஸ்கிரீனில் காட்டும் வசதிகளான ஆப்பிள் கார்ப்ளே (ஐபோனுக்கு), ஆண்ட்ராய்டு ஆட்டோ (ஆண்ட்ராய்டு போனுக்கு) இரண்டும் இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் பார்த்த இரண்டு செட்டும் வேறு வேறு ஜாதி. ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ என்பது டேஷ்போர்டில் பொருத்திய ஒரு டேப்லெட். ஆப், இன்டர்நெட், புராசஸர் எல்லாம் அதற்குள்ளேயே வேண்டும். அந்த 7 இன்ச்சில் மேப்பும் பாட்டும் உங்கள் போனில்தான் ஓடும், ஸ்கிரீன் அதைக் காட்டும், தொட்டால் போனுக்குச் சொல்லும், அவ்வளவுதான். நாளைக்கே போனை மாற்றினால் காரின் மேப்பும் வேகமாகிவிடும். டேப்லெட் வகையில் இன்றைக்கு என்ன வேகமோ, பெரும்பாலும் கடைசிவரை அதுதான். அப்டேட் வருவது அபூர்வம்.

அப்புறம் அந்த 8 ஜிபி. மலிவான செட்களில் செட்டிங்ஸ் பக்கத்தையே மாற்றி எழுதி, இல்லாத ரேமையும் புது ஆண்ட்ராய்டு வெர்ஷனையும் காட்டுவது பழைய வித்தை. கடைக்காரரிடம் ரேம் எவ்வளவு என்று கேட்காமல், உள்ளே என்ன சிப் என்று கேளுங்கள். யூனிசாக் 7862 மாதிரி ஒரு பெயர் வந்தால் மேற்கொண்டு பேசலாம். ‘ஆக்டா கோர் சார், சூப்பரா ஓடும்’ என்பது மட்டுமே பதில் என்றால் விட்டுவிடுங்கள். போனை இணைக்காமலே எல்லாம் ஓடவேண்டும், நிறுத்திய காரில் குழந்தைகள் வீடியோ பார்க்கவேண்டும், 360 டிகிரி கேமரா வேண்டும் என்பவர்களுக்குத்தான் நல்ல ஆண்ட்ராய்டு செட் பொருந்தும்.

ஸ்கிரீனை ஷோரூம் விளக்கில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதே மாடல் பொருத்திய கார் கிடைத்தால் உச்சி வெயிலில், டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போடுபவர் என்றால் அதையும் போட்டுக்கொண்டு பாருங்கள், சில ஸ்கிரீன்கள் அப்படியே கருத்துவிடும். ரெசொல்யூஷன் 800க்கு 480 என்றால் மேப்பில் தெருப்பெயர்கள் கொஞ்சம் பிசிறடிக்கும், 1280க்கு 720 கிடைத்தால் நல்லது. டச் கெபாசிட்டிவாக, அதாவது போன் மாதிரி லேசாகத் தொட்டாலே போதுமானதாக, இருக்கட்டும். வால்யூமுக்குத் திருகும் குமிழ் இருந்தால் என் ஓட்டு அதற்குத்தான், குண்டும் குழியுமான ரோட்டில் ஸ்கிரீனைத் தேடித் தேடித் தொட முடியாது.

அளவைப் பொறுத்தவரை, டேஷ்போர்டில் ஸ்டீரியோ உட்காரும் இடத்துக்கு டபுள் டின் என்று ஒரு பொது அளவு உண்டு: 180 மி.மீ. அகலம், 100 மி.மீ. உயரம். 7 இன்ச் ஸ்கிரீன்கள் பெரும்பாலும் இந்த அளவுதான். 9, 10 இன்ச்சுக்கு உங்கள் கார் மாடலுக்கே செய்த ஃப்ரேம் வேண்டும். வெளியே துருத்தி நிற்கும் பெரிய ஸ்கிரீன் ஏசி வென்ட்டையோ ஹசார்டு சுவிட்சையோ மறைக்கிறதா என்று பாருங்கள்.

ரிவர்ஸ் கேமராவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சாவியைத் திருப்பியதும் ரிவர்ஸ் போட்டால் படம் எவ்வளவு நேரத்தில் வருகிறது? சில ஆண்ட்ராய்டு செட்கள் முழுதாக பூட் ஆகி முடிப்பதற்குள் நீங்கள் கேட்டைத் தாண்டியிருப்பீர்கள். கேமராவும் ஸ்கிரீனும் ஒத்துப்போகவும் வேண்டும்: ஏஹெச்டி (அனலாக் ஹெச்டி) கேமராவை அந்த வசதியில்லாத ஸ்கிரீனில் மாட்டினால் படம் சரியாக வராது. காரோடு வந்த கேமராவையே பயன்படுத்துவதாக இருந்தால், அதன் வோல்டேஜைப் பார்க்கச் சொல்லுங்கள். சில கேமராக்கள் 6 வோல்ட்டில் ஓடுபவை, நேராக 12 வோல்ட் கொடுத்தால் புகைந்துவிடும்.

பெட்டியில் ‘50 வாட்ஸ் x 4’ என்று போட்டிருப்பது உச்சக் கணக்கு. தொடர்ந்து கிடைப்பது ஒரு ஸ்பீக்கருக்குச் சுமார் 20 வாட்ஸ்தான், பெரும்பாலான செட்களில். பின்னால் ஆம்ப்ளிஃபையர் வைக்கும் எண்ணம் இருந்தால் அதற்குச் சிக்னல் கொடுக்கும் 4 வோல்ட் பிரீ-அவுட் உள்ளதாகப் பாருங்கள். இல்லையென்றால் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

எந்த ஸ்கிரீன் வாங்கினாலும் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள்: வயரை வெட்டக் கூடாது. வெட்டாமல் அப்படியே செருகும் கப்ளர் உங்கள் கார் மாடலுக்கென்று தனியாகக் கிடைக்கும், அதை வாங்கி மாட்டச் சொல்லுங்கள். வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிய இணைப்புதான் பிறகு ஷார்ட் ஆகும், கார் வாரண்டியில் இருந்தால் அதற்கும் வம்பு. ஸ்டீயரிங்கில் பட்டன் இருந்தால் அது வேலை செய்ய உங்கள் காருக்குக் கேன்பஸ் பாக்ஸ் (காரின் சிக்னலை ஸ்டீரியோவுக்குப் புரியவைக்கும் சிறு பெட்டி) தேவையா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பணம் கொடுக்கும் முன் கடை வாசலிலேயே என்ஜினை ஓடவிட்டு, ஏசியை முழுதாக வைத்து, யாருக்காவது போன் செய்து குரல் தெளிவாகக் கேட்கிறதா என்று விசாரியுங்கள். தெளிவில்லை என்றால் தனி மைக்கை டேஷ்போர்டுக்குள் திணித்திருப்பார்கள், முன் கண்ணாடியின் ஓரத் தூண் பக்கம் ஏற்றச் சொல்லுங்கள். மறுநாள் காலை கடிகாரமும் எஃப்எம் ஸ்டேஷன்களும் அழிந்திருந்தால், எப்போதும் கரண்ட் வரவேண்டிய மஞ்சள் வயரைச் சாவியோடு வரும் லைனில் கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அப்படியே திரும்பப் போய் மாற்றிக்கொண்டு வாருங்கள்.