காட்டில் என்ன செய்வது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

மனம் அடங்கக் காட்டில் பொழுதைக் கழிக்கும் வனக்குளியல் பற்றி எங்கோ படித்துவிட்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் காட்டுக்குப் போய்வந்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டு மணிநேரம், ஒன்பதாயிரம் காலடி. கைக்கடிகாரம் கணக்குச் சொல்கிறது, மனம்தான் அடங்கவில்லை. அலுவலகமும் கூடவே நடந்துவருகிறது. எங்கே பிழை செய்கிறேன்? இதில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா, வெறும் வியாபாரமா? ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இது பழகிவிட்டால் அதை விட்டுவிடலாம் என்கிறார் நண்பர்.

ச.

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். மாத்திரையை நிறுத்தாதீர்கள். காட்டில் நடந்தபின் ரத்த அழுத்தம் சற்று இறங்குவதை அளந்திருக்கிறார்கள். அது அன்றைய அளவு. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் வேலை, நண்பர் வேலை அல்ல.

வியாபாரம் இல்லாமல் இல்லை. அந்தச் சொல்லே அரசு அலுவலகத்தில் பிறந்ததுதான். 1982இல் ஜப்பானிய வனத்துறையின் தலைவராக இருந்த தொமொஹிதே அகியாமா 'ஷின்ரின் யோகு', அதாவது வனக்குளியல், என்று பெயர் வைத்தார். அறிவியல் பின்னால்தான் வந்தது. நிப்பான் மருத்துவக் கல்லூரியின் சிங் லி 2005இல் டோக்கியோ அலுவலர்கள் 12 பேரை மூன்று நாள் காட்டுப் பயணம் கூட்டிப்போய் ரத்தத்தைச் சோதித்தார். நோய்க்கு எதிராக முதலில் களமிறங்கும் 'இயற்கைக் கொல்லி' செல்களின் செயல்பாடு கூடியிருந்தது. மரங்கள் பூச்சியையும் பூஞ்சையையும் விரட்ட வெளிவிடும் ஃபைட்டோன்சைடுகள் இதற்கு ஒரு காரணம் என்பது அவர் கருத்து. நல்ல தடயம்தான். ஆனால் 12 பேர் என்றால் 12 பேர்தான். தவிர, காட்டுக்கு வந்திருக்கிறோம் என்பது வந்தவருக்குத் தெரியுமே! மருந்துச் சோதனையில் வெற்று மாத்திரை கொடுப்பதுபோல் ஒரு பொய்க்காட்டைக் கொடுத்து ஒப்பிட முடியாது.

உங்கள் பிழை அந்த ஒன்பதாயிரத்தில் இருக்கிறது. அது நடைப்பயிற்சி. உடம்புக்கு நல்லது, ஆனால் வேறு சமாசாரம். வனக்குளியலில் இரண்டு மணிநேரத்துக்கு ஒரு கிலோமீட்டரே அதிகம். பாதி நேரம் உட்கார்ந்திருக்கவேண்டும்.

உட்கார்ந்ததும் காடு வாயை மூடிக்கொள்ளும். உங்களைப் பார்த்துவிட்டது. கால் மணிநேரம் அசையாமல் இருந்தால் எங்கோ ஒரு குருவி தயங்கிக் குரல் கொடுக்கும், இன்னொன்று பதில் சொல்லும். அதுவரை சலிப்பாகத்தான் இருக்கும். அலுவலகம் வந்தால் வரட்டும், பக்கத்தில் உட்காரட்டும். விரட்டப்போனால் அதுவே ஒரு வேலையாகிவிடும்.

ஒருமுறை விழுந்துகிடந்த அடிமரத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஓர் எறும்பு தன்னைவிட நீளமான ஈசல் சிறகைப் பட்டைப் பிளவுக்குள் இறக்கப் பார்த்தது. செங்குத்தாகத் தூக்கியது, காற்று சாய்த்தது. படுக்கப்போட்டுத் தள்ளியது, சிக்கிக்கொண்டது. கடைசியில் தான் முதலில் உள்ளே போய், பின்பக்கமாக இழுத்துக்கொண்டது. எழப்போனால் இடதுகாலைக் காணோம். கால் 'மரத்துப்போச்சு' என்று சும்மாவா சொல்கிறோம்!

அடுத்த ஞாயிறு கடிகாரத்தை வீட்டிலேயே கழற்றிவைத்துவிடுங்கள். எந்தப் பாதையில் போகிறீர்கள் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். ஈரக்காடு என்றால், உட்காரும் முன் அட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.