விற்பனையைத் தடுக்க முடியாவிட்டாலும் கட்டடத்தைக் காப்பாற்றலாம்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. அறுபதுகளில் நான் படித்த பள்ளிக்கூடம் இங்கே சிங்கப்பூரில் அரசாங்க நிலத்தில் பூட்டிக் கிடக்கிறது. நிலத்தோடு சேர்த்து அதை ஏலக்குத்தகை (டெண்டர்) மூலம் தனியாருக்கு விற்கப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. பழைய மாணவர்கள் நாற்பது பேர் பணம் போட்டு வழக்குத் தொடுக்கலாமா?

பதில்: அம்மா, நீங்கள் அனுப்பிய படங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் உத்தரத்தில் மணி தொங்கிய இரும்புக் கொக்கி, அதனடியில் கயிறு உரசி உரசிக் குழிந்துபோன தூண். இடித்தால் போனது போனதுதான். அதனால்தான் சொல்கிறேன், திரட்டும் பணத்தை இப்போதே வழக்கில் கொட்டாதீர்கள்.

அரசாங்க நிலத்தை விற்கும் அதிகாரம் அரசாங்கத்துக்கு உண்டு. எதிர்த்துப் போனால், உங்களுக்குத் தனிப்பட்ட பாதிப்பு என்ன என்றுதான் நீதிமன்றம் முதலில் கேட்கும். பன்னாட்டுப் பண நிதியத்துக்கு அரசாங்கம் தந்த கடன் உறுதியை எதிர்த்து எதிர்க்கட்சி அரசியல்வாதி கென்னத் ஜெயரத்தினம் தொடுத்த வழக்கு நினைவிருக்கலாம். வழக்காடும் தகுதி அவருக்கு இல்லை என்றார்கள். படித்த பள்ளி என்ற பாசம் அந்தத் தகுதியைத் தராது. முடிவெடுத்த முறையிலேயே சட்டப் பிழை இருந்தால் நீதிமுறை மறுஆய்வு, அதாவது அந்த முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றம் பார்ப்பது, கேட்கலாம். அதற்கும் முதலில் நீதிமன்ற அனுமதி வேண்டும், ரத்து உத்தரவு கேட்பதானால் 3 மாதத்துக்குள் போக வேண்டும்.

சரி, வேறு வழி? விற்பனை வேறு, இடிப்பது வேறு. கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸைப் பாருங்கள். தனியார் கட்டடம்தான். 2021 அக்டோபரில் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அரசிதழில் வந்தது. 2022இல் 70 கோடி வெள்ளிக்குக் கூட்டாக விற்கப்பட்டது. வாங்கியவர் பழைய கட்டடத்தைக் காக்கும் நிபந்தனையோடுதான் வாங்கினார். ஸ்டாம்ஃபர்ட் சாலை தேசிய நூலகத்துக்கு அந்தக் கவசம் கிடைக்கவில்லை. எத்தனையோ பேர் எழுதினார்கள், கெஞ்சினார்கள். 2004இல் மூடி, சுரங்கச் சாலைக்காக இடித்தார்கள். மிஞ்சியவை இரண்டு செங்கல் தூண்கள். அந்த வழியே போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

ஆகவே ஏலக்குத்தகை அறிவிப்பு வருவதற்கு முன்பே, திட்டமிடல் சட்டப்படி பாதுகாப்புத் தகுதி கேட்டு நகர மறுசீரமைப்பு ஆணையத்துக்கு எழுதுங்கள். தேசிய நினைவுச்சின்னத் தகுதி இன்னும் வலுவானது, கிடைப்பதும் அரிது. அதற்குத் தேசிய மரபுடைமைக் கழகம் பரிந்துரைக்க வேண்டும். மனுவின் ஒரு பிரதியை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் மக்கள் சந்திப்பில் நேரில் கொடுங்கள். அந்த நிலத்தின் பயன்பாட்டை மாற்ற, எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் பெருந்திட்டத்தில் திருத்தம் அறிவித்தால் ஆட்சேபிக்கத் தரும் அவகாசம் சில நேரம் இரண்டே வாரம். அறிவிப்புகளை வாரம் ஒருமுறை பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

பள்ளி வாசலில் பதாகையோடு கூடாதீர்கள். உரிமம் இல்லாமல் ஒருவர் நின்றாலும் பொது ஒழுங்குச் சட்டப்படி குற்றமாகலாம். கூடித்தான் ஆக வேண்டும் என்றால் ஹாங் லிம் பூங்கா இருக்கிறது. அங்கும் விதிகள் உண்டு, சிங்கப்பூரர்தான் ஏற்பாடு செய்யலாம். அப்புறம், வாட்ஸ்அப்பில் 'அதிகாரிகள் காசு வாங்கிவிட்டார்கள்' என்று யாரும் எழுதிவிட வேண்டாம். அவதூறு வழக்கு வந்தால் பள்ளியை மறந்துவிட்டு அதன் பின்னால் அலைய வேண்டியிருக்கும்.

மனுவில் உணர்ச்சி இருக்கட்டும், சான்று அதைவிட அதிகம் இருக்கட்டும். பழைய வகுப்புப் படங்கள், வருகைப் பதிவேடு, கட்டியவர் பெயர், எந்த ஆண்டு எந்த அறை சேர்ந்தது, எல்லாம் திரட்டுங்கள். எண்பதைத் தாண்டியவர்களை இந்த மாதமே உட்காரவைத்துப் பேச்சைப் பதிவு செய்யுங்கள். பூட்டிய வளாகத்துக்குள் போக முதலில் சிங்கப்பூர் நில ஆணையத்திடம் அனுமதி வாங்குங்கள். அந்தத் தூணைப் படமெடுக்கும்போது குழிவுக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள்.