இணங்க வைக்கும் பேச்சு: மாணவர்கள் கேட்டவையும் என் பதில்களும்

கல்லூரித் தகவல் தொடர்புப் பாடத்தில் மாணவர்களை அதிகம் பயமுறுத்துவது அந்த ஐந்து நிமிடப் பேச்சுத் தேர்வுதான். ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, வகுப்பில் இருப்பவர்களை ஒரு செயலுக்கு இணங்க வைக்க வேண்டும். இந்தப் பாடத்தை நடத்துகிறவள் என்பதால் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மேடம், பள்ளியில் பேச்சுப் போட்டி என்றால் முதல் பரிசு எனக்குத்தான். கல்லூரியில் இந்தப் பேச்சுக்கு 20க்கு 11தான் கிடைத்தது. குரல், ஏற்ற இறக்கம் எல்லாம் நன்றாகவே இருந்தது. எங்கே குறைந்தது? (முதலாண்டு, வணிகவியல்)

அந்தக் குரலை விட்டுவிடாதீர்கள் அம்மா, அது உங்கள் சொத்து. ஆனால் போட்டியில் நடுவர் உங்களைப் பார்த்து மதிப்பெண் போட்டார். இங்கே உங்கள் ஆசிரியர், கேட்டவர்களிடம் என்ன நடந்தது என்று பார்க்கிறார்.

பள்ளி மேடை நமக்கு ஒரு வடிவத்தைப் பழக்கிவிட்டது. அவையோருக்கு நீண்ட வணக்கம், இரண்டு மேற்கோள், அடுக்குமொழி, உச்சக் குரலில் ஒரு முடிவு. அங்கே கேட்பவர்கள் முன்பே நம் பக்கம். கைதட்டிவிட்டுப் போவார்கள், யாரும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. இங்கேயோ எதிரே ஒருவர் ‘எனக்கு இது வேண்டாம்’ என்று உட்கார்ந்திருக்கிறார். ஏன் வேண்டாம் என்கிறார் என்பது தெரியாமல் எவ்வளவு அழகாகப் பேசினாலும் அவர் அசைய மாட்டார்.

எழுத உட்காரும் முன் ஒரு தாளில் இந்த வாக்கியத்தை நிரப்புங்கள்: ‘என் பேச்சு முடிந்ததும் இந்த வகுப்பில் இருப்பவர் இதைச் செய்வார்: …’ அதை நிரப்ப முடியாவிட்டால் பேச்சு இன்னும் பிறக்கவில்லை. நிரப்பிவிட்டால், வகுப்பில் நாலைந்து பேரிடம் போய், ‘இதை நீ ஏன் இதுவரை செய்யவில்லை?’ என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற காரணங்கள்தான் உங்கள் பேச்சின் உடல். இந்த வேலையைச் செய்த மாணவரையும் செய்யாதவரையும் முதல் அரை நிமிடத்திலேயே அடையாளம் கண்டுவிடலாம்.

‘பெண் கல்வியின் அவசியம்’ என்று தலைப்புக் கொடுத்தேன். சார் மாற்றச் சொல்லிவிட்டார். நல்ல தலைப்புத்தானே? (இரண்டாமாண்டு, வரலாறு)

நல்ல தலைப்புத்தான். ஆனால் உங்கள் வகுப்பில் அதற்கு எதிராக யார் இருக்கிறார்கள்? பாதிப் பேர் கல்லூரிக்கு வந்துவிட்ட பெண்கள். மறுப்பவர் இல்லாத இடத்தில் இணங்க வைக்க ஒன்றும் இல்லை. அதே அக்கறையைச் சுருக்கிக் கொண்டுவாருங்கள்: ‘அக்கா தங்கையின் மேற்படிப்பைப் பற்றி வீட்டில் பேச்சு வரும்போது, அண்ணன் தம்பிகள் வாய் திறந்து ஆதரிக்க வேண்டும்.’ இப்போது வகுப்பில் சிலர் நெளிவார்கள். அங்கேதான் தலைப்பு இருக்கிறது.

மன்றோ முறை என்று ஐந்து படி எழுதிப் போட்டார்கள். மனப்பாடம் செய்துவிட்டேன், பயன்படுத்தத் தெரியவில்லை. (இரண்டாமாண்டு, கணினி அறிவியல்)

ஆலன் மன்றோ அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தில் பேச்சுக்கலை கற்பித்தவர். 1930களில் அவர் வகுத்த வரிசை இது: கவனம், தேவை, தீர்வு, காட்சி, செயல். ஒரு தலைப்பில் வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். இரத்த தானத்தை எடுத்துக்கொள்வோம்.

கவனம்: வகுப்பைப் பார்த்து ஒரு கேள்வி. ‘இன்றிரவு உங்கள் வீட்டில் ஒருவருக்கு இரத்தம் வேண்டும் என்றால் முதலில் யாருக்குப் போன் செய்வீர்கள்?’ கேட்டுவிட்டு மூன்று வினாடி காத்திருங்கள்.

தேவை: ‘இரத்தம் கிடைப்பதில்லை’ என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் உறைக்காது. காரணத்தைச் சொல்லுங்கள். எடுத்த இரத்தத்தின் சிவப்பணுக்களை 35 முதல் 42 நாள் வரைதான் வைத்திருக்க முடியும். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்கு வெறும் 5 நாள். அதனால் இரண்டு மாதத்துக்கு முன் ஊரே திரண்டு கொடுத்திருந்தாலும் இன்றைக்கு அது உதவாது. ஒரு முறை கொடுத்தால் ஆயிற்று என்ற நினைப்பை இந்த ஒரு தகவலே கலைத்துவிடும்.

தீர்வு: நம் நாட்டில் 18 முதல் 65 வயது வரை, குறைந்தது 45 கிலோ எடை, 100 மில்லி இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருந்தால் கொடுக்கலாம். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒரு முறை. எடுப்பது 350 அல்லது 450 மில்லி. ‘உடம்பு பலவீனமாகிவிடும்’ என்று பயப்படுகிறவருக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுங்கள்.

காட்சி: மாணவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிற படி இது. எல்லாரும் இணங்கினால் என்ன ஆகும் என்பதைக் கண்முன் கொண்டுவர வேண்டும். நம் வகுப்பில் 40 பேர் முறை வைத்துக் கொடுத்தால், நள்ளிரவில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் போன் போடுகிற ஒரு குடும்பத்துக்கு அந்தப் பதற்றம் இருக்காது. இரண்டு வாக்கியம் போதும், ஆனால் இடமும் நேரமும் அதில் இருக்க வேண்டும்.

செயல்: ‘இரத்த தானம் செய்வோம்’ என்று முடித்தால் வீண். ‘வெளியே போகும்போது இந்தத் தாளில் உங்கள் பெயரையும் இரத்த வகையையும் எழுதிவிட்டுப் போங்கள்’ என்று முடியுங்கள். அந்தத் தாளைக் கையோடு கொண்டுபோங்கள்.

எதிர்த் தரப்பைச் சொன்னால் நம் வாதம் பலவீனமாகிவிடாதா? (மூன்றாமாண்டு, சட்டம்)

ஆகாது. நீங்கள் சொல்லாவிட்டாலும் அது கேட்பவர் மனத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். 1962இல் மாநிலங்களவையில் அண்ணா ஆற்றிய முதல் உரையைப் படியுங்கள். திராவிடன் என்று சொல்லிக்கொள்வதில் பெருமைப்படுகிறேன் என்கிறார். அவையில் பெரும்பாலோருக்கு அது உவப்பில்லாத பேச்சு என்பது அவருக்குத் தெரியும். அதனால் அடுத்த மூச்சிலேயே, நான் வங்காளிக்கோ மராட்டியருக்கோ குஜராத்தியருக்கோ எதிரானவன் இல்லை என்கிறார். அவர்கள் கேட்கப்போகும் கேள்விக்கு முன்னாலேயே பதில் வந்துவிட்டது. இதைத்தான் உங்களையும் செய்யச் சொல்கிறேன். ஒன்று முக்கியம்: எதிர்த் தரப்பைச் சொல்லும்போது அவர்களே ‘ஆமாம், நாங்கள் சொல்வது இதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும்படி சொல்லுங்கள். கேலியாகச் சொன்னால் அந்த நொடியே அவர்கள் காதை மூடிக்கொள்வார்கள்.

அக்கா, எழுந்து நின்றாலே கை நடுங்குது. மருந்து ஏதாவது இருக்கா? (முதலாண்டு, தமிழ்)

மருந்து வேண்டாம் தங்கை. நடுக்கம், பயத்தில் உடம்பு சுரக்கிற அட்ரினலின் என்ற ஹார்மோன் செய்கிற வேலை. பேசத் தொடங்குமுன்னும் முதல் நிமிடத்திலும் அது உச்சத்தில் இருக்கும், பிறகு தானாகவே இறங்கும். அதனால் முதல் நான்கு வாக்கியங்களை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்படி பழகிக்கொள். உனக்குள் நடக்கிற படபடப்பில் பெரும்பகுதி எதிரே இருப்பவர்களுக்குத் தெரிவதே இல்லை. மெல்லிய தாளைக் கையில் பிடிக்காதே, நடுக்கத்தை அது காட்டிக்கொடுக்கும். கெட்டி அட்டை வைத்துக்கொள்.

தமிழ் படிக்கிறாய், அதனால் இதையும் கவனி. குறளில் அவையஞ்சாமை 73ஆம் அதிகாரம். அதற்கு நேர் முன்னால், 72ஆவதாக வருவது அவையறிதல். கேட்பவர்களை அறிந்துகொண்டால் பயம் பாதி குறையும் என்பதை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் பார்க்கிறேன்.

முழுதும் மனப்பாடம் செய்யலாமா, குறிப்பு வைத்துக்கொள்ளலாமா?

குறிப்புத்தான். தொடக்கமும் முடிவும் மனத்தில் இருக்கட்டும், நடுவில் முக்கியச் சொற்கள் மட்டும் அட்டையில். முழு மனப்பாடத்தில் ஒரு சொல் மறந்தால் பேச்சே நின்றுவிடும். அதற்காக மேடையில் தோன்றுவதைப் பேசலாம் என்று நினைக்காதீர்கள். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் தன் கனவைப் பற்றிப் பேசிய பகுதி கையிலிருந்த உரையில் இல்லை. ஆனால் அதே ஆண்டு ஜூன் மாதம் டெட்ராய்டில் அந்தக் கனவைப் பற்றி அவர் ஏற்கெனவே பேசியிருந்தார். நாவில் ஊறிய பேச்சு என்பதால்தான் அந்த நேரத்தில் வந்தது.

கேட்பவர்களை அழ வைத்தால் மதிப்பெண் கூடுமா?

அரிஸ்டாட்டில் மூன்று வழிகளைச் சொன்னார்: பேசுபவர் மீதுள்ள நம்பிக்கை, கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் வலு. உணர்ச்சி தவறில்லை. ஆனால் நடக்காத சோகத்தைத் தன் வீட்டில் நடந்ததாகச் சொல்வது கேட்பவர்களுக்குச் செய்யும் துரோகம். அதை நான் கடுமையாகவே எடுத்துக்கொள்வேன். வாட்ஸ்அப்பில் வந்த புள்ளிவிவரத்துக்கும் இதே பதில்தான். யார் சொன்னது, எந்த ஆண்டு என்று மேடையிலேயே சொல்ல முடியாத எண்ணைப் பேச்சில் சேர்க்காதீர்கள்.

பவர்பாயின்ட்?

ஒரு படம் தேவைப்பட்டால் ஒரு படம் போடுங்கள். எழுத்தாகப் போட்டால் வகுப்பு அதைப் படிக்கும், உங்களைக் கேட்காது.

நேரம் முடியப்போகிறது என்று மணி அடித்துவிட்டால் என்ன செய்வது? பாதியில் நிற்கிறேன். (இரண்டாமாண்டு, இயற்பியல்)

வேகத்தைக் கூட்டாதீர்கள். மீதிக் காரணங்களை அப்படியே விட்டுவிட்டு நேராகக் கடைசிப் படிக்குப் போய்விடுங்கள், என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள், உட்காருங்கள். நீங்கள் எதை விட்டீர்கள் என்பது கேட்பவர்களுக்குத் தெரியாது. இந்த நிலை வராமல் இருக்க, வீட்டில் போனில் பதிவு செய்து நேரம் பாருங்கள். மேடையில் கேள்விக்குப் பின் காத்திருப்பது, சிரிப்பு அடங்குவது எல்லாம் சேரும். அதனால் ஐந்து நிமிடப் பேச்சு வீட்டில் நாலரை நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும்.