துவைத்த துண்டு மறுபடி ஏன் நாறுகிறது?

ஏற்காட்டில் நான்கு அறைகளோடு தங்கும் விடுதி நடத்தும் வாசகி கேட்கிறார்: “துண்டுகளைத் துவைத்துக் காயவைத்து எடுக்கும்போது வாடையே இல்லை. விருந்தினர் குளித்துத் துடைத்ததும் முடைநாற்றம் அடிக்கிறது. அலசும் தண்ணீரில் கிருமிநாசினி ஒரு மூடி விடுகிறேன், வாசனைத் திரவமும் சேர்க்கிறேன். சேலத்தில் அக்கா வீட்டுத் துண்டுகளில் இப்படி வருவதில்லை. இதனால் படர்தாமரை வருமா?”

துண்டில் அழுக்கு மிச்சம் இருப்பதாக நினைத்து சோப்பைக் கூட்ட வேண்டாம். நூலுக்குள் பாக்டீரியா உயிரோடு இருக்கிறது. துவைத்த துணியில் வரும் இந்த வாடைக்கு முக்கியக் காரணமாக அடையாளம் காணப்பட்டது மொராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ். நம் தோலின் எண்ணெயையும் வியர்வையையும் தின்று, நாறும் கொழுப்பு அமிலம் ஒன்றை வெளியிடுகிறது. இதைப் பற்றிய ஜப்பானிய ஆய்வு 2012-இல் வெளிவந்தது. துணி காய்ந்தாலும் இது சாவதில்லை, புற ஊதாக் கதிரையும் ஓரளவு தாங்கும். அதனால்தான் காய்ந்த துண்டு சும்மா இருக்கிறது, ஈரம் பட்டதும் நாறுகிறது.

அப்படியானால் சேலத்தில் ஏன் வரவில்லை? அங்கே வெயிலும் காற்றும் துணியைச் சீக்கிரம் காய வைத்துவிடும். கிருமி பெருக நேரம் கிடைப்பதில்லை. ஏற்காட்டிலோ ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனிக் காலத்தில், கனமான டர்க்கித் துண்டு முழுநாள் கொடியில் கிடந்தாலும் ஈரமாகத்தான் இருக்கும். அத்தனை மணி நேரமும் கிருமி பெருகுகிறது.

கிருமியைக் குறைக்கச் சூடுதான் நம்பகமான வழி. 60 டிகிரி வேண்டும். ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், குழாய்த் தண்ணீரும் சில்லென்று இருக்கும். சரிபாதி கலந்தால் 60-ஐத் தொடாது. கொதித்த தண்ணீர் 6 லிட்டர், குழாய்த் தண்ணீர் 4 லிட்டர் என்று கலந்தால் 65 வாக்கில் வரும். (சேலத்தில் சரிபாதியே போதும்.) அதில் ஆக்சிஜன் ப்ளீச் பொடி, அதாவது சோடியம் பெர்கார்பனேட், 2 மேசைக்கரண்டி கரைத்து, ஏற்கெனவே துவைத்த துண்டு இரண்டை மட்டும் முக்கி, வாளியை மூடி அரை மணி நேரம் வையுங்கள். கையை விடாமல் கழியால் புரட்டுங்கள். பிறகு வழக்கம்போல் சோப்புத்தூளில் துவைத்து இருமுறை அலசுங்கள். வெள்ளைத் துண்டுக்கு மட்டும் இன்னொரு வழி உண்டு: 10 லிட்டர் பச்சைத் தண்ணீரில் 5 சதவீத திரவ ப்ளீச் 50 மில்லி, 15 நிமிடம். இதோடு வினிகரையோ கழிவறை ஆசிடையோ கலந்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

வாசனைத் திரவத்தை அடியோடு நிறுத்துங்கள். அது நூலின்மேல் வழுவழுப்பான பூச்சாகப் படிந்து, துண்டு ஈரம் உறிஞ்சுவதைக் கெடுக்கும். நாற்றத்தை மறைக்குமே தவிர போக்காது. ஒரு மூடி கிருமிநாசினியும் நூலுக்குள் படலமாக ஒட்டியிருக்கும் கிருமியிடம் போதிய வேலை செய்யாது. சேலத்து போர்வெல் உப்புத் தண்ணீரில் துவைப்பவர்களுக்குக் கூடுதல் தொல்லை: சோப்பு திரிந்து நூலில் படியும். கட்டி சோப்பைவிட நல்ல சோப்புத்தூள் அங்கே மேல்.

இவ்வளவு செய்தும் காயவைப்பதில் கோட்டை விட்டால் சில வாரங்களில் பழையபடி ஆகும். மெஷினில் இரண்டாம் முறை சுழற்றிப் பிழியுங்கள். கொடியில் இரண்டாக மடித்துப் போடாமல், ஒரு விளிம்பை மட்டும் கிளிப்பில் மாட்டி, துண்டுக்குத் துண்டு ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். ஜன்னலைத் திறந்தால் மூடுபனிதான் உள்ளே வரும்; மின்விசிறி நேரே படட்டும். எடுக்கும்முன் தொட்டுப் பார்க்க வேண்டியது நடுப்பகுதியை அல்ல, ஓரத்தையல் பட்டையை. விரலுக்குச் சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை. அந்தப் பட்டைதான் கடைசியில் காயும். அவசரத்துக்காக மூடிய அறையில் கரியடுப்பு மூட்டி உலர்த்தவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாடையே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

படர்தாமரைக்கும் இந்த நாற்றத்துக்கும் சம்பந்தமில்லை. நாறும் கிருமி ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் தீங்கு செய்யாது. படர்தாமரைப் பூஞ்சை, கட்டி உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ், மெட்ராஸ் ஐ வைரஸ் எல்லாம் வாடையே இல்லாத துண்டிலும் இருக்கலாம். எனவே ஒருவர் துண்டை மற்றவருக்குத் தராதீர்கள். விருந்தினர் மாறும்போது, பார்க்கப் புதிதாகத் தெரிந்தாலும், 60 டிகிரியில் துவையுங்கள். படர்தாமரைப் பூஞ்சைக்கு 30 டிகிரித் தண்ணீர் பொருட்டே அல்ல. வீட்டில் யாருக்காவது வந்திருந்தால் மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பு பூசாதீர்கள், படர்தாமரை இன்னும் பரவும். தோல் மருத்துவரிடம் போங்கள்.

வாஷிங் மெஷினையும் பாருங்கள். முன்கதவு மெஷின் என்றால் ரப்பர் வளையத்தை விரலால் விரித்துப் பார்த்தால் கருத்த வழவழப்பு தெரியும். துடைத்துவிட்டு, மாதம் ஒருமுறை துணி போடாமல் அதிகச் சூட்டில் ஓட்டி, வேலை முடிந்ததும் கதவைத் திறந்தே வையுங்கள்.

பலன் தெரிய, காய்ந்த துண்டின் ஒரு மூலையை நனைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி வெதுவெதுப்பான இடத்தில் சில மணி நேரம் வைத்து முகர்ந்து பாருங்கள். வாடை வந்தால் சூட்டு முறையை இன்னொரு தடவை செய்யுங்கள். அப்போதும் போகாத துண்டைத் தரை துடைக்க ஒதுக்கிவிடுங்கள்.