நோயாளியோட போற ஆம்புலன்ஸை போலீஸ் நிறுத்தலாமா?

கேள்வி: 2009ல அமெரிக்காவுல ஓக்லஹோமா மாநிலத்துல, உள்ள நோயாளி இருக்கும்போதே ஒரு ஹைவே போலீஸ்காரர் ஆம்புலன்ஸை மறிச்சு பாராமெடிக்கோட (வண்டியில நோயாளியைப் பார்த்துக்கறவரோட) கழுத்தைப் புடிச்ச வீடியோ பார்த்தேன். நம்ம ஊர்ல இப்படி நடந்தா சட்டம் யார் பக்கம்?

சட்டம் ஆம்புலன்ஸ் பக்கம்தாங்க. ஆனா நடுரோட்டுல சட்டை காலரைப் புடிக்கும்போது சட்டம் வந்து பக்கத்துல நிக்காது. நான் ஒம்பது வருசம் தமிழ்நாடு-கேரளா எல்லையில கம்பம், குமுளி, வண்டிப்பெரியாறு பக்கம் பிரைவேட் ஆம்புலன்ஸ் ஓட்டினவன், அந்த அனுபவத்துல சொல்றேன்.

முதல்ல அந்த வீடியோ. எல்லாரும் கழுத்தைப் புடிச்சதையே பேசுறாங்க, எனக்கு உறுத்துனது வேற. அன்னைக்கு அந்த ஆம்புலன்ஸ்ல சைரனும் ஓடல லைட்டும் எரியல. உள்ள இருந்த அம்மாவுக்கு உடனே உயிர் போற நிலைமை இல்ல, அதனால நிதானமா போயிட்டு இருந்திருக்காங்க. பின்னாடி வேற கேஸுக்கு அவசரமா வந்த போலீஸ் வண்டிக்கு வழி விடல, டிரைவர் கையக் காட்டி ஏதோ சைகை பண்ணாருங்கறதுதான் அந்த போலீஸ்காரர் கோவம். டிரைவர் நான் அப்படி பண்ணவே இல்லனு சொன்னாரு. பாராமெடிக் இறங்கி வந்து உள்ள பேஷன்ட் இருக்காங்கனு சொல்லியும் அடங்கல. கடைசியில அந்த போலீஸ்காரருக்கு சம்பளம் இல்லாம அஞ்சு நாள் சஸ்பென்ஷன். பின்னாடியே ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து அங்க வச்சு அபராதச் சீட்டு கிழிச்சிருந்தா இவ்ளோ தூரம் போயிருக்காது.

இப்ப நம்ம கதை. சபரிமலை சீசன்ல கூட்டம் ஏறிடுச்சுன்னா கம்பத்துல இருந்து கம்பம்மெட்டு வழியா ஏறணும், குமுளி வழியா இறங்கணும்னு ஒன்வே ஆக்கிடுவாங்க, எங்க ஊர்க்காரங்களுக்கு தெரியும். ஒரு மார்கழி ராத்திரி வண்டிப்பெரியாறு எஸ்டேட் லயத்துல (தொழிலாளர் குடியிருப்புல) இருந்து நெஞ்சு வலினு ஒருத்தரை ஏத்திட்டு தேனி க.விலக்கு மெடிக்கல் காலேஜுக்கு இறங்குறேன். கோட்டயம் தூரம், அதோட அந்த லயத்து ஜனங்களுக்கு தமிழ்ல பேசுற டாக்டர்னா ஒரு தைரியம். மாதா கோயில் வளைவுக்கு மேல பஸ்ஸா நிக்குது. ஒன்வேதானேனு சைரனைப் போட்டு வலது பக்கமா பஸ்ஸுங்களைத் தாண்டி இறங்கிட்டு இருக்கேன், ஒரு போலீஸ்காரர் நடுவுல வந்து கைய விரிச்சு நிக்கிறாரு. எந்த மாநிலத்து காக்கினு சொல்ல மாட்டேன், ரெண்டு பக்கமும் காக்கிதான்.

"எவ்ளோ வாங்குன? உள்ள எத்தனை பேரு?"னு கேட்டாரு. எனக்கு முதல்ல புரியவே இல்ல. அப்புறம்தான் தெரிஞ்சுது, அதுக்கு முன்ன யாரோ ஒரு புண்ணியவான் தலைக்கு இவ்ளோனு வாங்கிட்டு சாமிமாரை ஆம்புலன்ஸ்ல உக்கார வச்சு டிராபிக்கை தாண்டி இறக்கி விட்டிருக்கான். நான் "சார் பேஷன்ட் இருக்காரு, கதவைத் திறந்து பாருங்க சார்"னேன், கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லிட்டேன், அது தப்பு. மனுசன் கைய உள்ள விட்டு சாவியப் புடுங்கிட்டாரு. இறக்கத்துல வண்டி ஆஃப். பின்னாடி இருந்து நம்ம டெக்னீசியன் தம்பி "அண்ணே பல்ஸ் விழுது, எடுங்கண்ணே"னு கத்துறான், அந்தக்கா "ஐயா எங்க வீட்டுக்காரருங்கய்யா"னு ஜன்னல் வழியா கையெடுத்துக் கும்பிடுது. அவரு போய் கதவைத் திறந்து பார்த்தாரு. ஆக்சிஜன் மாஸ்க்கோட கிடந்த ஆளைப் பார்த்ததும் முகமே மாறிப்போச்சு. சாவிய என் மடியில போட்டுட்டு, எங்க வண்டிக்கு முன்னாடி லத்திய ஓங்கிட்டு ஓடுறாரு பாருங்க, ஒவ்வொரு பஸ்ஸா தட்டித் தட்டி ஒதுக்கி இரைச்சல் பாலம் பக்கம் வரைக்கும் வழி பண்ணி விட்டாரு, அவருக்கும் அம்பது வயசுக்கு மேல இருக்கும். அந்த அண்ணன் பொழச்சுக்கிட்டாரு. பொழைக்காம போயிருந்தா இதே ஆளைப் பத்தி நான் வேற மாதிரி எழுதிட்டு இருப்பேன்.

சட்டம்னு கேட்டீங்கல்ல. 2019ல மோட்டார் வாகனச் சட்டத்தை திருத்தினப்ப 194இ பிரிவை சேர்த்தாங்க, அவசர வண்டிக்கு வழி விடலைனா ஆறு மாசம் வரை ஜெயில், இல்ல 10,000 ரூபாய் அபராதம், இல்ல ரெண்டும். 2017 டிரைவிங் ஒழுங்குமுறையில இன்னும் தெளிவா, அவசர வண்டிகள் ஒண்ணா வந்துட்டா முதல்ல ஃபயர் சர்வீஸ், அடுத்து ஆம்புலன்ஸ், அதுக்கு அப்புறம்தான் போலீஸ் வண்டினு வரிசையே இருக்கு. ஆனா இந்த சலுகை எல்லாம் நெஜமாவே அவசரத்துல போகும்போது மட்டும்தான். சந்தேகம் இருந்தா போலீஸ் நிறுத்திப் பார்க்கலாம், அதுல தப்பில்ல. பார்க்க பத்து செகண்ட் போதும், சாவி எதுக்கு?

மேல இருந்தே ஆர்டர் போட்டு நிறுத்துறது தனிக் கதை. 2020 லாக்டவுன்ல தலப்பாடி பார்டர்ல கர்நாடகா ரோட்டுல மண்ணைக் கொட்டி அடைச்சு, காசர்கோட்டுல இருந்து மங்களூர் ஆஸ்பத்திரிக்கு போக வேண்டியவங்க வழியிலயே செத்தாங்க. வழியைத் திறக்கச் சொல்லி கேரள ஹைகோர்ட் ஏப்ரல் 1ல உத்தரவு போட வேண்டியதாச்சு. அங்க நின்ன கான்ஸ்டபிளை திட்டி என்ன பிரயோஜனம்.

எங்க பக்க தப்பையும் சொல்லிடறேன். காலி வண்டியில சைரன் போட்டுட்டு வீட்டுக்கு சாப்பிட வந்திருக்கேன், ஒரு தடவை இல்ல பல தடவை. சாமிமாரை ஏத்துனவனை திட்டுற யோக்கியதை எனக்கு பாதிதான் இருக்கு. வெளிய நிக்கிற போலீஸ்காரருக்கு கதவுக்குப் பின்னாடி நோயாளியா, வெறும் காத்தானு எப்படித் தெரியும், அவரு காதுக்கு ரெண்டும் ஒரே சத்தம்தானே.

அந்த ராத்திரிக்கு அப்புறம், நோயாளியை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி டாக்டர் எழுதித் தர்ற ரெஃபர் சீட்டை கிளிப் போட்டு முன் கண்ணாடியில வெளிய பார்த்த மாதிரி வைக்க ஆரம்பிச்சேன், நிறுத்துனா நான் வாயே திறக்கறதில்ல, சீட்டைக் காட்டி கைய பின்னாடி காட்டுவேன், டெக்னீசியன் என்ன ஆனாலும் பேஷன்ட்டை விட்டு இறங்கக் கூடாதுனு சொல்லி வச்சேன். அப்புறம் இன்னொரு சாவி வெட்டி கயித்துல கோத்து பனியனுக்குள்ள போட்டுக்கிட்டேன்.