முதுகுப்பையோடு நெதர்லாந்து: ரயில் செலவு கையைக் கடிக்காமல் இருக்க

ஆம்ஸ்டர்டாம், ஹார்லம், லெய்டன், டென் ஹாக் (தி ஹேக்), டெல்ஃப்ட், ராட்டர்டாம், உட்ரெக்ட். இந்த ஏழு ஊரையும் ரயிலில் சுற்றத் திட்டமிடுபவர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

எத்தனை நாள் முன்னாடி டிக்கெட் எடுத்தால் மலிவாகக் கிடைக்கும் சார்?

வழக்கமான டிக்கெட்டை முந்தி எடுப்பதால் பைசா குறையாது. உள்நாட்டு ரயில்களில் இரண்டாம் வகுப்புக் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. போன மாதமே எடுத்தாலும் ரயில் வரும்போது எடுத்தாலும் ஒரே விலைதான். இருக்கை முன்பதிவும் கிடையாது.

மிச்சம் பிடிக்க வழி வேறு இடத்தில் இருக்கிறது. தூரம் கூடக் கூட ஒரு கிலோமீட்டருக்கான விலை குறையும். பக்கத்து ஊருக்கே போனாலும் குறைந்தபட்சக் கட்டணம் ஒன்று விழும். ஆகவே ஆம்ஸ்டர்டாமிலிருந்து ராட்டர்டாம் போகிறவர் ஒவ்வொரு ஊரிலும் நிலையக் கருவியில் வங்கிக் கார்டைத் தட்டி இறங்கி ஏறினால், ஐந்து சின்னப் பயணங்களின் விலை சேர்ந்து ஒரே பயணத்தின் விலையை நாலைந்து யூரோ தாண்டிவிடும்.

இதற்கு மருந்து, நாட்டின் முக்கிய ரயில் நிறுவனமான என்.எஸ்.ஸின் ஆப்பில் வாங்கும் இ-டிக்கெட். அது நேரத்துக்கு இல்லை, நாளுக்கு உரியது. மறுநாள் அதிகாலை 4 மணி வரை செல்லும். வழியிலுள்ள எந்த ஊரிலும் இறங்கிச் சுற்றிவிட்டு அதே திசையில் தொடரலாம். ஆம்ஸ்டர்டாம்–ராட்டர்டாம் ஒருவழிக்கு 20 யூரோவை ஒட்டி ஆகும். பயணத் தேடலில் 'வழியாக' என்ற இடத்தில் ஹார்லத்தைப் போட்டுப் பாருங்கள். ஹார்லம் 15 நிமிடம், அங்கிருந்து லெய்டன் 20, டென் ஹாக் இன்னொரு 15, டெல்ஃப்ட் 8, ராட்டர்டாம் 15. எல்லாம் ஒரே தடத்தில் கோத்த மணிகள். நடுவழியில் தானியங்கிக் கதவு பார்கோடை ஏற்க மறுத்தால், பக்கத்திலுள்ள உதவிப் பொத்தானை அழுத்துங்கள்; டிக்கெட்டைக் காட்டினால் திறந்துவிடுவார்கள்.

ஆனால் இரவு ஓர் ஊரில் தங்கினால் அந்த டிக்கெட் அன்றோடு முடிந்தது. அப்படித் தங்கித் தங்கிப் போவதாக இருந்தால் கார்டைத் தட்டுவதே வசதி.

டென் ஹாக்கில் இரண்டு ஸ்டேஷன் காட்டுகிறதே, எதில் இறங்குவது?

பலரும் தடுமாறும் இடம் இது. டென் ஹாக் சென்ட்ரால் முட்டுச் சந்து மாதிரி. தடம் அங்கேயே முடிகிறது. ராட்டர்டாம் நோக்கிப் போகும் ரயில்கள் நிற்பது டென் ஹாக் எச்.எஸ். நிலையத்தில். முத்துக்காதணிப் பெண் ஓவியம் உள்ள மவுரிட்ஸ்ஹௌஸ், நாடாளுமன்ற வளாகம் எல்லாம் சென்ட்ராலுக்குப் பக்கம், பத்து நிமிட நடை. எச்.எஸ்.ஸிலிருந்து இருபது நிமிடம் ஆகும். லெய்டனிலிருந்து வரும்போது சென்ட்ராலில் இறங்கி, நடந்தே ஊரைக் கடந்து, எச்.எஸ்.ஸில் டெல்ஃப்ட் ரயில் பிடித்தால் வந்த வழியே திரும்ப வேண்டாம்.

இந்திய வங்கிக் கார்டைத் தட்டியே ஏறலாம் என்கிறார்கள். உண்மையா?

உண்மை. விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் ரயில், டிராம், மெட்ரோ, பேருந்து எல்லாவற்றிலும் செல்லும். அட்டையில் நாலு வளைகோடு அலைச்சின்னம் இருக்க வேண்டும். ரூபே மட்டுமே உள்ள கார்டை நம்பிப் போகாதீர்கள்.

2020 அக்டோபரிலிருந்து வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் தொடாமல் தட்டும் வசதியும் அணைத்தே இருக்கும். வங்கி ஆப்பில் இரண்டையும் தனித்தனியாகத் திறக்க வேண்டும். ஒன்றை மட்டும் திறந்துவிட்டுப் போய் ஸ்கிபோல் விமான நிலைய ரயில் நிலையத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்து முழிப்பவர்கள் அதிகம். டெபிட், ஃபோரெக்ஸ் என இரண்டு கார்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டுவதில் தப்பு நடப்பது பெரும்பாலும் மூன்று வகை. ஒன்று, இறங்கும்போது தட்ட மறப்பது. கதவு இல்லாத சின்ன நிலையங்களில் நடைமேடை ஓரக் கம்பம் மட்டும் நிற்கும், பேசிக்கொண்டே கடந்துவிடுவீர்கள். ரயிலில் அதற்கு 20 யூரோ வரை பிடித்துவிடுவார்கள். இந்தக் கார்டு தட்டும் முறைக்கான ஓவிபே தளத்தில் விடுபட்ட பயணத்தைப் பதிந்து திரும்பக் கேட்கலாம். இரண்டு, ஏறும்போது கார்டு, இறங்கும்போது அதே கார்டு ஏற்றிய கைப்பேசி. கருவிக்கு அவை இரண்டு வெவ்வேறு ஆள். மூன்று, பர்ஸோடு தட்டுவது. உள்ளே எந்தக் கார்டு மாட்டும் என்று சொல்ல முடியாது. ஒரு கார்டுக்கு ஓர் ஆள்தான். கணவன் மனைவிக்கு இரண்டு கார்டு வேண்டும்.

அரீவா போன்ற வேறு நிறுவன ரயிலுக்கு மாறும்போது முதல் நிறுவனத்தின் கம்பத்தில் தட்டி வெளியேறி, அடுத்ததில் தட்டி நுழைய வேண்டும். மேலே சொன்ன ஏழு ஊர்ச் சுற்றில் இந்தத் தொல்லை வராது. குரோனிங்கன், மாஸ்ட்ரிக்ட் பக்கம் கிளை ரயில் பிடித்தால் வரும்.

நாங்கள் நாலு பசங்க, மாஸ்ட்ரிக்ட் வரை போகணும். ஏதாவது சலுகை இருக்கா அண்ணா?

இருக்கு தம்பி. என்.எஸ். குழு டிக்கெட், 2 முதல் 7 பேருக்கு. ஆள் சேரச் சேர தலைக்கு விலை இறங்கும். எல்லாரும் சேர்ந்தே போக வேண்டும். வேலைநாட்களில் காலை 6.30 முதல் 9 வரையும், மாலை 4 முதல் 6.30 வரையும் செல்லாது. சனி, ஞாயிறில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆம்ஸ்டர்டாமிலிருந்து மாஸ்ட்ரிக்ட் இரண்டரை மணி நேரம், அதற்கு இது சரியான தேர்வு. ஹார்லம் போன்ற குட்டிப் பயணத்துக்குச் சாதா டிக்கெட்டே மலிவாகலாம். இரண்டு விலையையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஐரோப்பிய நாடுகளை ரயிலில் சுற்றும் யூரேல் பாஸ், நெதர்லாந்து ஒருநாள் பாஸ்?

இந்த நாட்டுக்குள் மட்டும் என்றால் இரண்டும் வேண்டாம். ஊர்கள் அவ்வளவு நெருக்கம். ஒருநாள் பாஸ் 60 யூரோவுக்கு மேல்; அந்தக் காசை ஈடுகட்ட நாள் முழுக்க ரயிலிலேயே உட்கார வேண்டும்.

ஆறு வயதுக் குழந்தைக்கு?

4 முதல் 11 வயது வரை ரெயில்ரன்னர் டிக்கெட், 2.50 யூரோ. பெரியவர் ஒருவர் மூன்று குழந்தைகள் வரை கூட்டிப் போகலாம். நான்கு வயதுக்குக் கீழே இலவசம்.

ஆம்ஸ்டர்டாமில் ஹாஸ்டல் படுக்கையே எக்கச்சக்க விலை. வெளியூரில் தங்கலாமா?

தங்கலாம், கணக்குப் போட்டுவிட்டு. 2024 முதல் ஆம்ஸ்டர்டாம் நகராட்சி அறை வாடகைமேல் 12.5 சதவீதம் சுற்றுலா வரி போடுகிறது. முன்பதிவுத் தளத்தில் முதலில் தெரியும் விலையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. உட்ரெக்ட் 27 நிமிடத் தூரம்தான். ஆனால் தினமும் போய்வர ரயிலுக்கே 20 யூரோ ஆகிவிடும். ஆகவே உட்ரெக்டில் படுத்து ஆம்ஸ்டர்டாமை மூன்று நாள் பார்ப்பது மிச்சமில்லை. ஹார்லம் என்றால் ரயில் செலவு ஏறக்குறைய பாதி. அதைவிட நல்லது, ஆம்ஸ்டர்டாமுக்கு ஒன்றரை நாள் ஒதுக்கிவிட்டு ராட்டர்டாமுக்கு மூட்டையைக் கட்டுவது. அங்கே மஞ்சள் நிறத்தில் சாய்ந்து நிற்கும் கனசதுர வீடுகளுக்குள்ளேயே ஸ்டேஓகே ஹாஸ்டல் இருக்கிறது. பார்க்கப் போகும் இடத்திலேயே தூங்கிவிடலாம்.

ஒரு ஊரில் இறங்கிச் சுற்றும்போது பையை எங்கே வைப்பது?

பெரிய நிலையங்களில் பூட்டுப்பெட்டி உண்டு. கார்டில்தான் பணம், அதிகபட்சம் 72 மணி நேரம். பல இடங்களில் இவை தானியங்கிக் கதவுக்கு உள்ளே இருக்கும், எனவே வெளியே தட்டுவதற்கு முன் தேடுங்கள். ஏழு ஊரிலும் இப்படிச் செய்தால் பெட்டி வாடகை ரயில் கட்டணத்தையே தொட்டுவிடும். தோளில் தாங்கும் எடையோடு கிளம்புவதே சிக்கனம்.

சைவம் சாப்பிடுபவர் என்ன செய்வது? பட்ஜெட்டும் முக்கியம்.

டென் ஹாக்கிலும் ராட்டர்டாமிலும் சுரினாம் (தென் அமெரிக்காவின் முன்னாள் டச்சுக் காலனி) ரொட்டிக் கடைகளைத் தேடுங்கள். பருப்புப் பொடி அடைத்த பெரிய மெல்லிய ரொட்டி, மசாலா உருளைக்கிழங்கு, நீளக் காராமணிக்காய். 1873 முதல் வட இந்தியாவிலிருந்து சுரினாமுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் சந்ததியார் கொண்டுவந்த சாப்பாடு. முட்டையும் வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மிளகாய் விழுதைத் தனியாகக் கேளுங்கள். நம் நாக்குக்கே அது சவால்.

சுவர்ப் பெட்டியில் காசு போட்டு எடுக்கும் குரோக்கெட் பார்க்க உருளைக்கிழங்கு போண்டா மாதிரி இருக்கும், ஏமாறாதீர்கள். உள்ளே பெரும்பாலும் மாட்டிறைச்சி. பக்கத்திலுள்ள காஸ்சூஃப்ளே என்பது சீஸ் அடைத்துப் பொரித்தது.

குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். பாட்டில் வாங்கினால் சின்னதுக்கு 15 சென்ட், பெரியதுக்கு 25 சென்ட் வைப்புத்தொகை. சூப்பர்மார்க்கெட் இயந்திரத்தில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நிலையத்துக்குள் இருக்கும் குட்டிக் கடையில் விலை அதிகம். தெருவில் இறங்கி லிடில், ஆல்டி, யும்போ பாருங்கள்.

லெய்டன் செப்பேடுகளைப் பார்க்க முடியுமா?

சோழர் காலத்து ஆனைமங்கலம் செப்பேடுகளுக்கு அந்தப் பெயர் வந்தது லெய்டன் பல்கலைக்கழகத்தால்தான். ஆனால் நடந்து போய்க் கண்ணாடிப் பெட்டியில் பார்க்கலாம் என்ற நினைப்பில் போகாதீர்கள். கால்வாய்களுக்காகவும் வீட்டுச் சுவர்களில் பல மொழிகளில் எழுதிய கவிதைகளுக்காகவும் இறங்குங்கள். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

ரயில் தாமதமானால்?

30 நிமிடம் தாண்டினால் பாதிக் கட்டணம், 60 தாண்டினால் முழுதும் திரும்பக் கேட்கலாம். வார இறுதியில் தடப் பணி நடந்தால் பேருந்தில் ஏற்றி விடுவார்கள். முதல் நாள் இரவே ஆப்பில் பாருங்கள். நடைமேடை எண்ணோடு ஏ, பி என்று எழுத்து இருந்தால் அதையும் படியுங்கள். நீளமான ஒரே நடைமேடையின் இரு பாதியில் இரண்டு ரயில் நிற்கும். அவற்றில் ஒன்று எதிர்த் திசைக்கும் போகலாம்.