கசகஸ்தானில் தணிக்கை இல்லையா?

கேள்வி: கசகஸ்தானில் பத்திரிகைச் சுதந்திரம் இல்லை என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். என் மகன் அல்மாத்தியில் மருத்துவம் படிக்கிறான். அங்கே தனியார் தொலைக்காட்சிகளும் செய்தித் தளங்களும் ஏராளம் என்கிறான். அந்நாட்டு அரசியல் சட்டமே தணிக்கையைத் தடை செய்திருக்கிறதாம். கசாக் மொழி ஏடுகள் நசிந்துவிடாமலிருக்க அரசு தனியார் பத்திரிகைகளுக்கும் பணம் கொடுக்கிறதாம். இதை ஆதரவு என்று சொல்லாமல் அடக்குமுறை என்பது என்ன நியாயம்?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் மகன் சொன்ன மூன்று செய்திகளும் உண்மை. அவற்றிலிருந்து நீங்கள் எடுத்த முடிவுதான் பொருந்தவில்லை.

1995ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 20ஆம் பிரிவு பேச்சுரிமைக்கு உத்தரவாதம் தந்து, தணிக்கையைத் தடை செய்கிறது. சோவியத் காலத்தில் அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படித்து அனுமதி முத்திரை வைத்த அலுவலகம் இன்று அங்கே கிடையாது. அது செய்துவந்த வேலையில் பெரும்பகுதியை இப்போது கணக்குப் பிரிவு செய்கிறது என்பதே என் வாதம்.

நீங்கள் ஆதரவு என்று குறிப்பிடும் பணத்துக்கு அங்கே ‘அரசுத் தகவல் ஒப்பந்தம்’ என்று பெயர். பேச்சு வழக்கில் ரஷ்ய மொழியில் ‘கோஸ்ஸகாஸ்’ என்பார்கள். தகவல் துறை அமைச்சகமும், ஆக்கிமத் எனப்படும் மாகாண, மாவட்ட நிர்வாகங்களும் ஆண்டுதோறும் இதற்கு நிதி ஒதுக்குகின்றன. ஜனாதிபதியின் ஆண்டு உரையை விளக்குவது, அரசுத் திட்டங்களின் பயனை எடுத்துச் சொல்வது என்று தலைப்புகளை நிர்வாகமே வகுத்துத் தர, தனியார் ஏடுகளும் தொலைக்காட்சிகளும் இணையத் தளங்களும் அவற்றை எழுதியும் படம்பிடித்தும் கொடுத்துப் பணம் பெறுகின்றன. அந்தக் கட்டுரைக்கு அரசு பணம் கொடுத்தது என்ற குறிப்பு பெரும்பாலும் வாசகரின் கண்ணில் படுவதில்லை. எந்த ஏட்டுக்கு எவ்வளவு என்று செய்தியாளர்கள் கேட்டபோது, வணிக இரகசியம் என்ற பதில் வந்த காலமும் உண்டு. அரசு விளம்பரம் என்றால் அது விளம்பரமாகவே கட்டம் கட்டி வெளிவரும். இது செய்தியின் உடையில் வருகிறது.

இத்தகைய ஒப்பந்தத்தை நம்பி அச்சுக்கூலியும் சம்பளமும் கொடுக்கும் ஆசிரியருக்கு எவரும் தொலைபேசியில் மிரட்டல் விடுக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற கவலையே போதும். ஆளுநரின் மைத்துனருக்குக் கிடைத்த நிலத்தைப் பற்றிய செய்தி மேசையிலேயே தங்கிவிடும். இது போதாதென்று, பள்ளி ஆசிரியர்களும் மருத்துவமனை ஊழியர்களும் அரசு நாளேடுகளுக்குக் கட்டாயச் சந்தா கட்ட வைக்கப்படுவதாக ஆண்டுதோறும் புகார் எழுகிறது; அதிகாரிகளும் அது கூடாது என்று ஆண்டுதோறும் அறிக்கை விடுகிறார்கள்.

அரசு கைவிட்டால் கசாக் மொழி ஏடுகள் பிழைக்காது என்பதை நான் அவ்வளவு எளிதில் ஏற்க மாட்டேன். விளம்பரச் சந்தையின் பெரும்பங்கு ரஷ்ய மொழி ஊடகங்களுக்குப் போகிறது என்பது மெய்தான். ஆனால் 1913இல் ஒரென்பூர்க் நகரிலிருந்து அகமத் பைதுர்சினுலி நடத்திய ‘கசாக்’ ஏடு ஜார் அரசின் பணத்தில் நடக்கவில்லை. சந்தாவிலும் வாசகர்களின் நன்கொடையிலும் 1918 வரை வெளிவந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே அரிதாயிருந்த ஸ்தெப்பிப் புல்வெளி நாட்டில் அது நடந்தது. (அந்த ஆசிரியரை 1937இல் ஸ்டாலின் ஆட்சி சுட்டுக் கொன்றது, கசகஸ்தான் இன்று அவருக்குச் சிலை வைத்திருக்கிறது.)

பணத்துக்கு மசியாதவர்களுக்கு வேறு வழிகள் இருந்தன. 1990களின் பிற்பாதியில் அலைவரிசைகளை ஏலத்தில் விட்டுக் கட்டணத்தை உயர்த்தியதில் சுயேச்சையான பல நிலையங்கள் மூடப்பட்டன. அரசின் கபார் தொலைக்காட்சி நிறுவனமோ ஜனாதிபதி நசர்பாயெவின் மகள் தரிகாவின் தலைமையில் வளர்ந்தது. 2002 மே மாதம் ‘ரெஸ்புப்ளிகா’ வார ஏட்டின் அலுவலகத்துக்கு வெளியே தலையில்லாத நாயின் உடல் தொங்கவிடப்பட்டது. சில நாட்களில் அலுவலகமே தீக்கிரையானது. ஆசிரியர் இரினா பெத்ருஷோவா பின்னர் நாட்டை விட்டு வெளியேறினார். ஏடு வெவ்வேறு பெயர்களில் தொடர்ந்து வந்தது. 2011 டிசம்பர் 16 அன்று, விடுதலையின் 20ஆம் ஆண்டு விழா நாளில், ஜனவோசென் நகரில் வேலைநிறுத்தம் செய்த எண்ணெய்த் தொழிலாளர்கள் மீது காவல்துறை சுட்டதில், அரசுக் கணக்கின்படியே பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நகரின் தொடர்புகள் துண்டிக்கப்பட்டிருந்தும், ஓடுகிறவர்களின் முதுகில் சுடும் காட்சியைக் குடியிருப்பு ஒன்றின் சன்னலிலிருந்து யாரோ எடுத்த படம் உலகுக்குக் காட்டியது. அடுத்த ஆண்டு நீதிமன்றம் ‘ரெஸ்புப்ளிகா’வையும் வேறு சில எதிர்ப்பு ஏடுகளையும் தீவிரவாதம் பரப்புவதாகச் சொல்லி மூடியது.

2022 ஜனவரியில் நடந்ததை உங்கள் மகனிடம் தனியாக விசாரிக்கச் சொல்கிறேன். வாகன எரிவாயுவின் விலை ஏறக்குறைய இரட்டிப்பானதை எதிர்த்து அதே ஜனவோசெனில் தொடங்கிய போராட்டம் அல்மாத்தி வரை பரவியது. இணையம் நாடு முழுவதும் பல நாட்கள் நிறுத்தப்பட்டது. 20,000 கொள்ளையர்கள் அல்மாத்தியைத் தாக்கினார்கள் என்று ஜனாதிபதி தொகாயெவ் அறிவித்து, எச்சரிக்கையின்றிச் சுட உத்தரவிட்டார். மக்களுக்கு எஞ்சியிருந்தது தொலைக்காட்சி. அதில் ஒரு நாள் முகமெல்லாம் காயத்தோடு ஓர் இளைஞர் காட்டப்பட்டார். தாம் கிர்கிஸ்தானைச் சேர்ந்த வேலையற்றவர் என்றும், கலவரத்தில் பங்கேற்க 90,000 தெங்கே பணம் தருவதாகச் சொன்னதால் வந்ததாகவும் ஒப்புக்கொண்டார். கிர்கிஸ்தானில் அதைப் பார்த்தவர்கள் அவரை உடனே அடையாளம் கண்டார்கள். அவர் விக்ரம் ருசாகுனோவ் (பெயரை வைத்து நம்மூர்க்காரர் என்று எண்ண வேண்டாம்), அந்த நாட்டில் நன்கு அறியப்பட்ட ஜாஸ் பியானோக் கலைஞர். கிர்கிஸ் அரசு தலையிட்ட பிறகே விடுதலையானார். ஒப்புக்கொண்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சிறையில் உடனிருந்தவர்கள் சொன்னதால் அப்படிப் பேசியதாக அவர் பின்னர் விளக்கினார்.

அதை ஒளிபரப்பியவர்கள் எல்லோரும் பொய்யர்கள் என்று நான் சொல்லவில்லை. இவர் யார், முகத்தில் காயம் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லையே என்றுதான் சொல்கிறேன். கொடுத்ததை அப்படியே ஒளிபரப்புவதற்கு இருபது ஆண்டுகளாகப் பணம் வாங்கிய செய்தி அறையில் அந்தக் கேள்வி எழும் பழக்கம் போய்விட்டிருந்தது. இறந்தவர்கள் 238 பேர் என்று அரசே சொல்கிறது. குடும்பத்தினருடன் காரில் சென்ற 4 வயதுச் சிறுமியும் அவர்களில் ஒருத்தி. இறந்தவர்களின் பெயர்களைத் தேடித் திரட்டியவர்கள் ‘அசாத்திக்’ (ரேடியோ ஃப்ரீ யூரோப்பின் கசாக் பிரிவு) வானொலி போன்ற ஒப்பந்தப் பணம் பெறாதவர்களே. அரசுப் பட்டியல் அந்த ஆண்டு ஆகஸ்டில்தான், அதுவும் குடும்பப்பெயரும் முதலெழுத்துகளுமாக, வெளிவந்தது.

‘விளாஸ்த்’, ‘ஓர்தா’ போன்ற நல்ல தளங்கள் அங்கே இருப்பதை நான் மறைக்கவில்லை. ஏராளம் என்று உங்கள் மகன் எண்ணியவற்றில் அவையும் அடங்கலாம். எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் 2024ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் கசகஸ்தான் 180 நாடுகளில் 142ஆவது இடத்தில் இருந்தது. அதே பட்டியலில் நம் நாடு 159. ஆகவே உயரத்தில் நின்றுகொண்டு பேசுவதாக நினைத்துவிடாதீர்கள். 2024இல் வந்த புதிய ஊடகச் சட்டம், செய்தியாளர் கேட்கும் தகவலுக்கு 7 நாட்களுக்குப் பதில் 5 வேலை நாட்களில் விடை தர வேண்டும் என்கிறது; அயல்நாட்டு ஊடகங்களுக்கு அங்கீகாரம் மறுக்கவும் அதே சட்டத்தில் வழி வைத்திருக்கிறது.

ஆதரவுதான் நோக்கம் என்றால் அதைச் சோதிப்பது எளிது. எந்த ஏட்டுக்கு எவ்வளவு, எந்தத் தலைப்புக்கு எவ்வளவு என்ற கணக்கை அமைச்சகம் முழுவதுமாக வெளியிடட்டும். பணம் பெற்று எழுதிய ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் அதை அச்சிடட்டும். தலைப்பைத் தேர்வுசெய்யும் உரிமையை ஆசிரியரிடம் விட்டுவிடட்டும். அதன் பிறகும் பணம் நிற்காமல் வருகிறது என்று உங்கள் மகன் எழுதினால், அந்தக் கடிதத்தை இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.